பூட்டுக்காரரின் கைபேசி

கைபேசி பழுது பார்க்கும் அவரைத் தெருவில் எல்லோரும் பூட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். திரை உடைந்ததென்று வருபவரைக்கூட, நல்ல பூட்டாகப் போடச் சொல்லிக் கொடுக்காமல் அனுப்பமாட்டார். பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைத்திருப்பவர்களைக் கண்டால் ஆகவே ஆகாது. வாசலைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலுக்குக் கம்பி வைக்கிறீர்களே என்று கேலி செய்வார்.

குறியாக்கம் என்றால் என்னவென்று பக்கத்துக் கடைத் தையல்காரர் ஒருமுறை கேட்டார்.

"பெட்டியைப் பூட்டுற மாதிரி இல்லண்ணே. நீங்க தச்ச சட்டையை நூல் நூலா உருவிப் போட்டுடும். சாவி இருந்தா மறுபடி சட்டையாகும். இல்லேன்னா வெறும் நூல்தான். என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

பூட்டுக்காரரின் ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். விடுதியிலிருந்து அவள் அனுப்பிய குரல் செய்திகள் மட்டும் அவர் கைபேசியில் மிஞ்சின. கடையைச் சாத்தியதும் கணவனும் மனைவியும் அவற்றில் ஒன்றைப் போட்டுக் கேட்பார்கள். 'அப்பா, சாப்பிட்டியா?' என்று அவள் அதட்டுவாள். இருவரும் அழுது முடித்த பிறகுதான் அந்த வீட்டில் விளக்கு எரியும்.

பிரதி எடுத்து வைக்கும்படி மனைவி கெஞ்சினாள். ஊருக்கெல்லாம் அதையே சொல்பவர், தன் விஷயத்தில் மறுத்துவிட்டார். வேறு கடையில் பழுதுக்குக் கொடுத்த ஒரு பெண்ணின் படங்கள் ஊர் சுற்றியதைப் பார்த்தவர் அவர். என் பிள்ளை குரல் எவன் கைக்கும் போகக்கூடாது என்றார். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் சூட்டில் விரல் நுனிகள் தேய்ந்து வழுவழுத்துப் போனதால் அவருடைய கைரேகையை எந்தக் கருவியும் ஏற்கவில்லை. அதனால் நீளமான கடவுச்சொல் ஒன்றை வைத்தார். தொடர்ந்து தவறாகப் போட்டால் எல்லாம் அழிந்துபோகும்படியும் செய்தார். உன் வாய் சும்மா இருக்காது என்று சிரித்தாரே தவிர, மனைவியிடம் கடவுச்சொல்லைச் சொல்லவில்லை.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. நினைவு கிழிந்த துணியாய்க் கிடந்தது.

மகளின் குரலுக்காக மனைவி ஏங்கித் தவித்தாள். கைபேசியை அவர் மடியில் வைப்பாள். அவர் இடது கையால் எழுத்துகளைத் தடவித் தடவி அழுத்துவார். தவறு என்று வரும். ஒவ்வொரு தவறுக்கும் காத்திருக்கும் நேரம் நீண்டுகொண்டே போயிற்று. தையல்காரர் பெரிய கடைகளுக்கெல்லாம் அதை எடுத்துப்போய் வந்தார். சாவி இல்லாமல் முடியாது என்று எல்லோரும் கையை விரித்தார்கள்.

கடைசி வாய்ப்பு என்று திரை எச்சரித்தது. அவள் பிடுங்கப் போனாள். ஆனால் அவர் முகத்தில் என்றுமில்லாத தெளிவு. விரல் தயங்கவே இல்லை. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

திரை இருண்டது. வெகுநேரம் கழித்து ஒளிர்ந்தது. வரவேற்கிறோம், மொழியைத் தேர்ந்தெடுக்கவும் என்று கேட்டது, கடையிலிருந்து அன்றுதான் வாங்கி வந்தது போல.

கோணிய வாயோடு அவர் சிரித்தார். கைபேசியை அவள் காதருகே நீட்டினார்.

அவள் அதைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேக்குதுங்க," என்றாள்.