முகமூடியை யார் கட்டுவது?

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில வருடங்கள் இருக்கும். நாங்கள் புருசெத் என்ற புறநகருக்குக் குடிவந்திருந்தோம். நீங்கள் இரண்டு பேரும் கைக்குழந்தைகள். ஒரு நாள் உங்கள் அக்கா பள்ளியிலிருந்து வந்து, "அப்பா, இனி வியாழக்கிழமையிலை எனக்கு நோ இருக்கு" என்றாள்.

"எங்கை நோ?"

"காலிலையும் கழுத்திலையும்தான் கூட."

நான் வலிக்குத் தடவ எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நோ என்பது ஜப்பான்காரரின் முகமூடி நாடகமாம். அதை ஜப்பானில் படித்துவிட்டு வந்த பேர்கன் நகரத்து டீச்சர் ஒருவர், அயர்லாந்துப் பழங்கதை ஒன்றை அந்த முறையில் பழக்குகிறாராம். அரசன் தன் பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருக்கிறான். அதைப் பொறுக்காத இரண்டாம் மனைவி பிள்ளைகளை அன்னங்களாக மாற்றிவிடுகிறாள். அந்தச் சிற்றன்னை வேடம் அக்காவுக்கு.

அன்றிலிருந்து வீட்டில் டீச்சர் புராணம்தான். பாதத்தைத் தூக்காமல் தரையோடு இழுத்து இழுத்துக் குசினிக்குப் போவாள்.

"டீச்சர் இப்பிடித்தான் நடக்கச் சொன்னவ."

"உனக்கு நடக்கப் பழக்கினது நான்" என்றேன்.

உங்கள் அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "டீச்சரோடை போட்டி போடுறியளோ?" என்று கேட்டார். எனக்கு உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது.

நாடகத்தன்று மேடைக்குப் பின்னால் என்னையும் விட்டார்கள். நடிப்பவர் கண்ணாடி முன் இருந்து முகமூடியை வணங்கிவிட்டு அணிய வேண்டும். பின்னால் நின்று இன்னொருவர் கயிற்றைக் கட்ட வேண்டும். அது யார் என்பதை நடிப்பவரே சொல்லலாம் என்றார் டீச்சர். தினமும் காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டவன் நான். கேட்கும் முன்பே கையை நீட்டிவிட்டேன்.

"டீச்சர் கட்டட்டும்" என்றாள்.

"ஏன் பிள்ளை?"

"நீங்கள் பின்னாலை நிண்டால் எனக்குச் சிரிப்பு வந்திடும் அப்பா. நான் பொல்லாதவளா இருக்கவேணும்."

நான் போய் அரங்கில் இருந்தேன். அவள் மெல்லத் தலை குனிய, அசையாத மர முகத்தில் நிழல் விழுந்து கோபம் ஏறியது. சனம் முகமூடியையே பார்த்தது. அவள் திரும்பும்போதெல்லாம் நான் பின்தலை முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது தளரவில்லை. டீச்சர் நன்றாகத்தான் கட்டியிருந்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.