மித்ரியின் நாக்கும் பதினோரு ஒயின்களும்

22-4-2017. கட்டணம் 15,000 லிரா. ஆறு கிண்ணம்.
6-5-2017. கட்டணம் 10,000 லிரா. ஐந்து கிண்ணம். இனி வரவேண்டாம் என்றார்கள்.
20-5-2017. கட்டணம் 20,000 லிரா. மூன்று கிண்ணம். இனி வரவேண்டாம் என்றார்கள்.
10-6-2017. கட்டணம் இல்லை. ஒரு கிண்ணம். கதவுவரை கொண்டுவந்து விட்டார்கள்.

இவை என் பக்கத்து வீட்டு மித்ரி, பெக்கா சமவெளியில் ஒயின் ஆலைகளுக்குப் போன நாட்கள். நான்கும் சனிக்கிழமை. நான்கிலும் நான் கூட இருந்தேன். ஸஹ்லே நிலப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தெட்டு ஆண்டு வேலை பார்த்தவன் நான். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் அன்றைக்கே எழுதிவைப்பது வழக்கம்.

மித்ரி வேன் ஓட்டியவன். இருபத்தாறு ஆண்டுகள் பெய்ரூட்டிலிருந்து சுற்றுலாக்காரர்களை ஏற்றிவந்து ஒயின் ஆலை வாசல்களில் இறக்கிவிட்டு, வெயிலில் காத்திருந்து, சிவந்த முகத்தோடு பாடிக்கொண்டு வருபவர்களைத் திரும்ப ஏற்றிப் போனான். அத்தனை ஆண்டிலும் ஒரு முறைகூட உள்ளே போனதில்லை. வண்டியை விற்ற மறுநாள் என் கதவைத் தட்டினான்.

"நக்லே அண்ணே, உள்ள என்னதான் இருக்குன்னு பாத்துடணும். துணைக்கு வாங்க."

உள்ளே என்ன இருந்தது என்பதைவிட, அவன் வாயில் என்ன இருந்தது என்பதுதான் எங்களுக்குச் சிக்கலாகிவிட்டது. ஒயினைப் பற்றி யாராவது கேட்டால் அவனால் பொய் சொல்ல முடியாது. முதல் ஆலையில் கிண்ணத்தை நீட்டிய பெண், "எப்படி இருக்கு மாமா?" என்று புன்னகையோடுதான் கேட்டாள்.

"என் மாமியாரோட துணி அலமாரியத் திறந்த மாதிரி இருக்கும்மா. அவங்களும் உள்ளதான் நிக்கிறாங்க."

இரண்டாவது ஆலையில் அவன் சொன்னது: "மழையில நனைஞ்ச நாய். ஆனா நல்ல குடும்பத்து நாய்." மூன்றாவதில்: "பல் டாக்டர் வாயத் திறக்கச் சொல்லிட்டு போன் பேசப் போயிட்டாரு." நான்காவதில் கொடுத்தது வெள்ளை ஒயின். மித்ரி ஒரு வாய் குடித்துவிட்டு நெடுநேரம் யோசித்தான்.

"ராணுவச் சோதனைச் சாவடியில நிக்கிற மாதிரி இருக்கு. ஒண்ணும் நடக்கல. ஆனாலும் பயமா இருக்கு."

இதுவரை சிரிப்புத்தான். ஜூன் கடைசியில் அவன் ஒரே மகள் ரூலாவைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் நாஜி நல்லவன். ரூலா அவனை மூன்று ஆண்டுகளாக நேசிக்கிறாள் என்பது எங்கள் தெருவில் மித்ரியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நாஜியின் தந்தை ஷுக்ரிக்கு மலையடிவாரத்தில் சொந்த ஒயின் ஆலை. பெண் வீட்டார் மறுவிருந்துக்கு ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, அங்கேதான் போகவேண்டும் என்று முடிவாயிற்று.

ரூலா என் வீட்டுக்கு வந்து அழுதாள். "பெரியப்பா, அப்பா வாயத் திறந்தா என் கல்யாணம் அவ்வளவுதான். ஏதாவது பண்ணுங்க."

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அது என் பிழை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

எங்கள் ஊரில் காபி குடித்து முடித்துக் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது "தாயிமே" என்போம். இந்த வீட்டில் எப்போதும் இப்படியே இருக்கட்டும் என்ற வாழ்த்து. துக்க வீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது. சின்னக் குழந்தைக்குக்கூட அது தெரியும். "எந்த ஒயின் குடுத்தாலும் குடி, கிண்ணத்த வை, தாயிமேன்னு சொல்லு. அதோட நிறுத்து," என்று மித்ரியிடம் சொன்னேன். பத்து நாள் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பழக்கினேன். அவன் மனைவி வர்தே அடுக்களையிலிருந்து, "இந்த மனுஷன் கல்யாணமாகி இத்தன வருஷத்துல என் சமையலுக்கு ஒரு வாழ்த்து சொல்லல. இப்ப பச்சத் தண்ணிக்குச் சொல்றாரு," என்றாள்.

ஜூலை 9. நிலவறையில் நீள மேசை. ஷுக்ரி தன் கையாலேயே ஊற்றினார். முதல் கிண்ணம்.

"தாயிமே."

ஷுக்ரி மகிழ்ந்தார். இரண்டாவது, மூன்றாவது. மித்ரியின் நெற்றியில் வேர்வை. ஐந்தாவதில் அவன் உதடு துடித்தது. ரூலா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். "தாயிமே." ஏழாவதைத் தங்கப் பதக்கம் வாங்கியது என்று சொல்லி ஊற்றினார்கள். மித்ரி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தாயிமே, தாயிமே," என்று இரண்டு முறை சொன்னான். பதினொன்றும் முடிந்தன. "மரியாதை தெரிஞ்ச மனுஷன்!" என்று ஷுக்ரி அவன் தோளில் தட்டினார். நான் பேனாவை மூடினேன்.

அப்போது ஷுக்ரி உள்ளே போய், காகிதம் ஒட்டாத ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். "இது என் தம்பி ஹபீப் செஞ்ச கடைசி பீப்பாய். போன வருஷம் அறுவடைக்கு முன்னாடி போய்ச் சேந்துட்டான்." மேசையின் மறுமுனையில் கறுப்பு உடையில் ஹபீபின் மனைவி சல்வா தலை குனிந்தாள். எல்லோரும் எழுந்து நின்று, மௌனமாகக் குடித்தோம்.

"தாயிமே!" என்றான் மித்ரி.

பிரேக் இல்லாத வண்டி பதினோரு வளைவு தாண்டிப் பன்னிரண்டாவதில் நிற்குமா? நாஜி முகத்தை மூடிக்கொண்டான். வர்தே சிலுவைக் குறி போட்டாள். சல்வா தலையை நிமிர்த்தினாள்.

"எப்பவும் இப்படியே இருக்கணுமா அண்ணா? நான் கறுப்பு கட்டிக்கிட்டு, அவரு மண்ணுக்குள்ள?"

"இல்லம்மா... ஐயோ... நான்..." மித்ரி மிச்சத்தை ஒரே வாயில் குடித்தான். பிறகு அவன் முகமே மாறிவிட்டது. "அம்மா, இதுல டீசல் அடுப்பு வாசன அடிக்குது. அடுப்பு மேல யாரோ ஆரஞ்சுத் தோல் காய வச்சிருக்காங்க. ஒருத்தர் செருப்பக் கழட்டிட்டு, அடுப்பு அனலுல காலக் காட்டிக்கிட்டு, தனியாப் பாடிக்கிட்டு இருக்காரு. பாட்டு சுமார்தான்."

சல்வா முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "பாட்டு ரொம்ப மோசம் அண்ணா! டீசல் அடுப்ப நிலவறையில வைக்காதடான்னு அவரோட அண்ணன் முப்பது வருஷமா சண்ட போட்டாரு. கேட்டாதானே!"

கல்யாணம் பிழைத்தது என்று நான் பெருமூச்சு விட்டேன். ஆனால் ஷுக்ரி கணக்குப் போடத் தெரிந்தவர். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இருங்க சம்பந்தி. இவ்வளவு தெரியுற நாக்கு, என் பதினோரு ஒயினுக்கும் ஒரே வார்த்ததான் சொல்லிச்சு. அப்ப அதெல்லாம் பொய்யா?"

மித்ரி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"உண்மையச் சொல்லுங்க. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

இதை நம்பியவன் மித்ரி ஒருவன்தான். முதல் கிண்ணத்திலிருந்து வரிசையாகச் சொல்லத் தொடங்கினான். ஆறுவரை ஷுக்ரியின் காது மட்டும் சிவந்தது. ஏழு வந்தது.

"பதக்கம் வாங்குனதா? அது பேங்க் மேனேஜர் கல்யாணத்துக்கு வந்த மாதிரி. சட்ட நல்லா இருக்கு. பேச்சும் நல்லா இருக்கு. ஆனா எப்படா கிளம்புவாருன்னு எல்லாரும் கடிகாரத்தப் பாக்கிறாங்க."

ஷுக்ரி எழுந்து போய்விட்டார். நாங்கள் ஆட்டுக்கறி வருமுன் வீடு திரும்பினோம்.

ஷுக்ரி தொலைபேசியில் முக்கிய விஷயம் பேசாதவர். ஆலை வண்டிக்காரனிடம் கடிதம் கொடுத்தனுப்புவார். முதல் கடிதம் 15-7-2017 அன்று வந்தது. இரு குடும்பங்களும் சிறிது காலம் யோசிப்பது நல்லது என்று எழுதியிருந்தார். நான் மிக அழகான மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துக்குக் கொடுத்தேன். மித்ரி கையெழுத்துக்குக் கீழே, "ஆனால் ஏழாவதைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை," என்று சேர்த்து, ஒட்டி, அனுப்பிவிட்டான்.

ரூலா அவனோடு பேசுவதை நிறுத்தினாள். மித்ரி சாப்பாடு இறங்காமல் மெலிந்தான். "இந்த நாக்க அறுத்துப் போட்டுடலாம்னு இருக்கு அண்ணே," என்றான். அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

29-7-2017 அன்று இரண்டாவது கடிதம் வந்தது. உள்ளே ஒரே ஒரு சொல்: "எட்டாவது?"

வண்டிக்காரன்தான் விளக்கினான். "முதலாளி தினம் சாயங்காலம் கீழ போய் ஏழாவதத் திறந்து குடிக்கிறாரு. குடிச்சிட்டு கடிகாரத்தப் பாக்கிறாரு. திட்டிக்கிட்டே மேல வர்றாரு."

இம்முறை மித்ரி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எட்டாவது, ஊரிலிருந்து வந்த சித்தி. பை நிறையத் தின்பண்டம். போகாதே என்று கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். ஒன்பது, பத்து, பதினொன்று பற்றி இங்கே எழுத முடியாது. ரூலா கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். பத்தாவதில் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்குப் பிறகு, "அப்பா, நீங்க திருந்தவே மாட்டீங்க," என்றாள். மித்ரி அழுதுவிட்டான்.

ஷுக்ரியின் கடைசிக் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "திருமணம் செப்டம்பர் 3, ஞாயிறு. ஏழாவதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன். விருந்தில் ஒயின் கிடையாது. சோம்புச் சாராயம் மட்டும். அது என் மைத்துனன் காய்ச்சியது. சம்பந்தி அதைப் பற்றி ஒன்றும் சொல்லக்கூடாது. எனக்கு மட்டும் காதோடு சொல்லலாம்."

அது வந்த தேதி 12-8-2017.