வாஃபிள் சுட்ட சனிக்கிழமை

ஞாயிறு காலை ஆறு பத்துக்கு மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். இரவு ஆம்புலன்ஸில் கொண்டுபோன என் அக்கா ஓட்னி இறந்துவிட்டாள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்துவிட்டதாம்.

நார்வேயின் கடலோரச் சிற்றூர் ஃப்ளோரோவில், எங்கள் ஹேண்ட்பால் அணிக்கு இருபது வருடமாக அவள்தான் கோல்கீப்பர். முழங்கால் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கெண்டைக்கால் வீங்கினால் உடனே கூப்பிடச் சொல்லி பிசியோதெரபிஸ்ட் எழுதியே கொடுத்திருந்தார். சனிக்கிழமை வீங்கியது. அன்று கிளப்பில் எல்லோரும் சம்பளமில்லாமல் சேர்ந்து வேலை செய்யும் நாள். வராதவர்களை எங்கள் ஊர் வருடம் முழுக்கப் பேசும்.

"கால்தானே போச்சு ஓட்னி, கை நல்லாத்தானே இருக்கு? வந்து வாஃபிள் சுடு!" என்று போனில் சிரித்தார் பயிற்சியாளர் ஷெல்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா" என்றேன்.

"திங்கக்கிழமை பாத்துக்கலாம்டி. என்னை வேலைக்கள்ளின்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது."

வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நான்கு மணி நேரம் நின்றபடி அந்த வாஃபிள் பணியாரத்தைச் சுட்டாள். ஷெல்லின் முகத்தில் விழிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவளை இழுத்துக்கொண்டு போகாமல், பக்கத்தில் நின்று மாவு கலக்கிய என்மீது அதைவிடக் கோபம்.

முழங்கால் பயிற்சிக்கு மிதிக்க வேண்டும், சைக்கிள் இருக்கையை உயர்த்திக் கொடு என்று போன வாரம் கேட்டிருந்தாள். ஒரு திருகாணியைக் கழற்றினேன். இன்னொன்று அப்படியே இருக்கிறது.