ஆர்டிஸ் அக்காவின் உருளைக்கிழங்குப் பரீட்சை

ஆர்டிஸ் அக்கா எங்கள் ஊரில் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். நானும் அந்த பஸ்ஸில் போனவன்தான். இப்போது எனக்கு ஐம்பது வயது. அமெரிக்காவில், தெற்கு டகோட்டா மாநிலத்தின் இந்த மேற்கு மூலையில் சொந்தமாகத் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறேன். இருந்தும் அவர் கடைக்குள் நுழைந்தால் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

ஜூன் மாதம் ஒரு காலையில் வந்து, துப்பாக்கி மேல் பூட்டித் தூரத்தைக் கிட்டே பார்க்க நல்ல ஸ்கோப் வேண்டும் என்றார். எனக்கு வாயெல்லாம் பல். ஒரு வருஷமாக அவர் சுடுவதையே விட்டிருந்தார். காரணம் ஊருக்கே தெரியும். அவரும் அவர் தம்பி வர்ஜிலும் மாடு மேய்க்கிற நிலத்தில் பிரெய்ரி நாய்கள் கணக்கில்லாமல் பெருகிவிட்டன. பெயரில்தான் நாய், பிறப்பில் அணில் இனம். புல்லை ஒட்ட மேய்ந்து, நிலத்தை வளை வளையாகத் தோண்டிப் போடும். அக்கா முந்நூறு கெஜத்தில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுட்டுக் குறைத்து வந்தார். போன ஜூலையில், வளை மேட்டில் நிமிர்ந்து நின்ற ஒன்றைக் குறி பார்த்துச் சுட்டார். குண்டு ஒரு சாண் தள்ளிப் போனது. நாய் சிறகை விரித்துப் பறந்தது.

காலி வளைகளில் குடியேறுகிற குட்டை ஆந்தை அது. அந்தத் தூரத்தில் உயரம், நிறம், நிற்கிற தோரணை எல்லாம் நாய்தான். ஒரு சாணில் தப்பியது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார் அக்கா. அன்று உறைக்குள் போன துப்பாக்கி வெளியே வரவில்லை.

வர்ஜில் இதை நம்பவில்லை. ஆந்தையாவது கீந்தையாவது, அக்காவுக்குக் குறி தப்பிவிட்டது, மறைக்கக் கதை கட்டுகிறாள் என்று காபிக் கடையில் ஆள் பிடித்துச் சொன்னார். வருகிற ஜூலை முதல் தேதிக்கு, வளைக்குள் விஷவாயு வில்லை போடுகிற ஆளையும் வரச் சொல்லிவிட்டார். வில்லை விழுந்தால் நாயோடு ஆந்தையும் போகும். அதற்குள் அக்கா சுட்டே கூட்டத்தைக் குறைத்துக் காட்ட வேண்டும். ஆந்தை மேல் ஒரு குண்டும் படக் கூடாது.

நான் கடையிலேயே பெரிதான ஸ்கோப்பை எடுத்து வைத்தேன். முப்பத்திரண்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

"இதுல பாத்தா அது மூச்சு விடுறதுகூடத் தெரியும்க்கா."

"மூச்சு விடுறது எனக்கெதுக்குடா? அது யாருன்னு தெரியணும்."

பையிலிருந்து ஆறு உருளைக்கிழங்கை எடுத்து மேஜையில் நிறுத்தினார். மூன்றுக்குக் கரித்துண்டால் கறுப்புக் கண், அவை நாய். மூன்றுக்கு வெள்ளைப் புருவமும் மஞ்சள் கண்ணும், அவை ஆந்தை. மஞ்சள், பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் பூசி மிஞ்சிய பெயின்ட். கடைக்குப் பின்னால் முந்நூறு கெஜத்தில் இருக்கும் வேலிக் கம்பங்கள் மேல் இவற்றைக் கலைத்து வைத்துவிட்டு வரவேண்டும். யார் வேலை என்று கேட்கவே இல்லை. நானும் மூன்றாம் வகுப்புப் பையன் மாதிரி எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் வரிசையை மாற்ற ஒரு நடை. பெரிய ஸ்கோப் பத்து மணிக்கு ஆறையும் சரியாகக் காட்டியது. நான் மார்தட்டிக்கொண்டேன். அக்கா அவசரப்படவில்லை, நாய்கள் வெயிலில்தான் வெளியே வரும் என்றார். நடுப்பகலில் தரையிலிருந்து கானல் கிளம்பியதும் அதே ஸ்கோப்பில் உருளைக்கிழங்குகள் நெளிந்து ஆடின. எத்தனைக்கெத்தனை பெரிதாக்கினோமோ அத்தனைக்கத்தனை ஆட்டம். குறைத்து வைத்தால் ஓரமெல்லாம் மங்கல். இன்னொன்றில் படம் ஆடவில்லை, ஆனால் மஞ்சளும் பழுப்பும் ஒன்றாகவே தெரிந்தன. ஐந்தாவது நடைக்கு என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வியாபாரத்தையே வெறுத்துவிட்டேன்.

கடைசியில் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒன்றைக் கொடுத்தேன். பதினெட்டு மடங்குதான், யாரும் சீண்டாதது. கண்ணாடி மட்டும் அத்தனை தெளிவு. பதினான்கில் வைத்துக்கொண்டு அந்தக் கானலிலும் ஆறுக்கு ஆறு சொன்னார் அக்கா. மறுபடி கலைத்து வைத்தேன். மறுபடியும் ஆறு. அவர் முகத்தில் ஒரு வருஷம் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது என் கால்வலி போன இடம் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்கோப் பூட்டிய துப்பாக்கியோடு நிலத்துக்குப் போனோம். வர்ஜிலும் வந்தார், வேடிக்கை பார்க்க. அக்கா குண்டு போடவில்லை. சுட வைக்கிற போல்ட்டையே கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெறும் துப்பாக்கியை மணல் மூட்டை மேல் சாய்த்துத் தம்பியைக் கூப்பிட்டார்.

"மூணாவது மேடு, போன வருஷத்து அதே மேடு. என்ன நிக்குது, சொல்லு."

"நாய்தான் நிக்குது. வேறென்ன நிக்கும்," என்று குனிந்தார் வர்ஜில். பிறகு நிமிர்ந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி குனிந்தார்.

"அக்கா, இதுக்குப் புருவம் இருக்கு."

"இருக்கும்."

"பின்னாடி குஞ்சுங்கக்கா. ஒண்ணு, ரெண்டு... ஏழு நிக்குது. எல்லாம் என்னையே பாக்குது."

ஆர்டிஸ் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. தப்பியது ஒன்றல்ல, ஒரு குடும்பமே என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

வில்லைக்காரரை வர வேண்டாம் என்று வர்ஜில் அங்கிருந்தே போனில் சொன்னார். அக்கா நிலத்தின் மறுகோடிக்குப் போய்ப் படுத்து, சாயங்காலத்துக்குள் பதினொரு நாய்களைச் சாய்த்தார். இன்னும் நிறைய சாய்த்திருப்பார். ஒவ்வொரு முறை விரலை வைக்கும்போதும் பக்கத்தில் வர்ஜில், "நல்லா பாத்துட்டியாக்கா? புருவம் இல்லையே?" என்று கேட்டு உயிரை எடுத்துவிட்டார்.

மறுவாரம் அந்தப் பக்கம் போனேன். மூன்றாவது மேட்டைச் சுற்றி எட்டு இரும்புக் கம்பி நட்டிருந்தது, யாரும் தெரியாமல் சுட்டுவிடாதபடி. தலை ஒவ்வொன்றிலும் பள்ளிக்கூட பஸ் மஞ்சள். நட்டது நீங்களா என்று அக்காவிடம் கேட்டேன். அவர் இல்லை என்றார். பெயின்ட் டப்பாவை வர்ஜில் வந்து வாங்கிப் போனாராம், "என் ஆந்தைகளுக்கு வேணும்" என்று சொல்லி.