பூச்சியாரைக் கொடுத்துவிட்டு வந்த நாள்

ஈரமான கம்பளிச் சட்டையை ஹீற்றருக்கு மேல் காயப்போட்டால் ஒரு மணம் எழும்பும். அதோடு மெல்லிய இரத்த வாடையும் கலந்தால், அதுதான் சுடுதண்ணீரில் இளகுகிற எலியின் மணம். என் சிறுவயதுச் சனிக்கிழமைகள் எல்லாவற்றிலும் அந்த மணம் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் தமிழ் வகுப்புக்கும் நீச்சலுக்கும் புறப்பட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் குளியலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, பழைய யோகட் டப்பாவுக்குள் கிடக்கும் வெள்ளை எலியின் ஐஸ் விட்டுப்போய்விட்டதா என்று கரண்டியால் அமர்த்திப் பார்த்துக்கொண்டிருப்பேன். "உதைக் குசினிப் பக்கம் கொண்டு வரப்படாது, சொல்லிப்போட்டன்" என்று அம்மா அங்கிருந்தே சத்தம் போடுவார்.

எலி பூச்சியாருக்கு. பூச்சியார் ஒரு பாம்பு. செம்மஞ்சள் உடம்பில் கருஞ்சிவப்புத் திட்டுக்களும், வயிற்றில் சதுரங்கப் பலகை மாதிரிக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களும் கொண்ட, விஷமே இல்லாத கோர்ன் ஸ்னேக். ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த ரமணன் அண்ணை, அல்பேட்டாவில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது கண்ணாடித் தொட்டியும் சூடேற்றும் சிவப்பு லாம்ப்புமாக அதை எங்கள் ஹோலில் கொண்டுவந்து வைத்தார். "ரெண்டு கிழமைதான் அன்ரி, வந்து எடுத்திடுவன்" என்றார். மேலேயிருந்து பிடித்தால் பருந்து என்று நினைத்துப் பயந்துவிடும், பக்கவாட்டில் கைவிட்டு உடம்பு முழுவதையும் தாங்கித் தூக்க வேண்டும், சாப்பிட்டபின் இரண்டு நாள் தொடக்கூடாது, கண் நீலம் பாய்ந்து மங்கினால் சட்டை கழற்றப் போகிறது என்று அர்த்தம், அப்போதும் தொடக்கூடாது, தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்திவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். கொஞ்ச நாளில் அவருடைய தொலைபேசி எண்ணும் வேலை செய்யவில்லை.

பொழுதுபட்ட பிறகு பாம்பு என்ற சொல்லை வாயில் எடுக்கக்கூடாது, "பூச்சி" என்றே சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் ஊர் வழக்கம். ரொறன்ரோவின் மார்கழியில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே இருட்டிவிடுவதால், எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் பூச்சியாகவே இருந்தது. நாளடைவில் மரியாதையும் கூடிப் பூச்சியார் ஆயிற்று. நாங்கள் கத்தோலிக்கர். ஹோல் அலுமாரியின் மேல் தட்டில் மாதா சுரூபம், மாதாவின் காலடியில் ஒரு பாம்பு. அதற்கு நேர் எதிரே கண்ணாடிக்குள் இன்னொன்று. மாதத்தில் ஒருநாள் செபமாலை சொல்ல அன்ரிமார் வரும்போது அம்மா தொட்டியைப் பழைய படுக்கை விரிப்பால் மூடி, "உது பிள்ளையின்ர பள்ளிக்கூடச் சாமான்" என்று சொல்லிவிடுவார். விரிப்புக்குள்ளிருந்து சிவப்பு வெளிச்சம் வரும். ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. முதலில் வெள்ளிக்கிழமைதான் சாப்பாட்டு நாளாக இருந்தது. தவக்காலம் வந்ததும், "வெள்ளிக்கிழமையில இந்த வீட்டிலை ஒருத்தருக்கும் மச்சம் மாமிசமில்லை, அவருக்கு மட்டும் என்ன?" என்று அம்மா அதைச் சனிக்குத் தள்ளினார். பாஸ்கா முடிந்தும் அது சனியாகவே நின்றுவிட்டது.

பாம்போடு பெரிய சிநேகம் எனக்குத்தான் இருந்திருக்க வேண்டும் என்று வாசிப்பவர்கள் நினைக்கக்கூடும். உண்மையில் அது அம்மாவின் பாம்பாகிவிட்டது. முதல் மாதங்களில் அவர் ஹோலைக் கடக்கும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டு போவார். பிறகு ஒருநாள் தொட்டியின் மூடியை நான் சரியாகக் கொளுவாமல் பள்ளிக்கூடம் போய்விட, அது வெளியேறிக் குசினியில் குளிர்சாதனப் பெட்டியின் பின்னால், மோட்டர்ச் சூட்டில் போய்ச் சுருண்டுவிட்டது. அம்மா வீட்டில் தனியே. நான் திரும்பி வந்தபோது அவர் சோபாவில் இருந்து நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் துவாய், இடக்கை மணிக்கட்டில் இரண்டு சுற்றாகப் பூச்சியார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "கத்தாதை. அது தூசிக்குள்ளை கிடந்து பயந்து போச்சு, பாவம்" என்றார். அதற்குப் பிறகு பின்னேரங்களில் இருவரும் அப்படித்தான் இருப்பார்கள். பூச்சியார் அவருடைய கைச்சூட்டுக்கு ஒட்டிக்கொள்ளும். அம்மா அன்றைக்கு யாருடன் என்ன கோபம் என்பதையெல்லாம் அதனிடம் முணுமுணுப்பார். அப்பா மட்டும் எட்டவே நின்றார். பாம்பென்றால் அவருக்கு உள்ளங்கை வியர்க்கும். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்ததும், சப்பாத்தைக் கழற்ற முன்னமே, "உவர் சாப்பிட்டவரோ?" என்று கேட்பார்.

நான் ஏழாம் வகுப்புக்குப் போன புரட்டாதியில் அம்மாவுக்கு இரத்தத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். அந்தச் சொல்லையும் எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்கவில்லை. "வருத்தம்" என்று மட்டும் சொன்னோம். மருந்து ஏற்றத் தொடங்க முன்னர் ஒரு தாதி எங்களை இருத்தி வைத்து, வீட்டில் என்னென்ன கூடாது என்று சொன்னார். ஊர்வன எதுவும் இருக்கக்கூடாது என்றார். பாம்பு, ஆமை, பல்லி, எதுவும். அவற்றின் உடம்பில் இருக்கும் கிருமி மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும் அம்மாவைக் கொன்றுவிடக்கூடும் என்பதை நான்தான் தமிழில் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. "கொன்றுவிடும்" என்று சொல்ல வாய் வராமல், "கூடாதாம்" என்றேன். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. அம்மா அன்றிலிருந்து ஹோலின் மறுகோடியில், கதவோரக் கதிரையில் இருந்துகொண்டு தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சியார் கண்ணாடியில் மூக்கை வைத்து மேலும் கீழும் ஊர்ந்துகொண்டேயிருக்கும். அதற்கு அவரைத் தெரியும் என்றுதான் நான் நம்பினேன்.

தெரிந்தவர்கள் எல்லாரையும் கேட்டுப் பார்த்தோம். பாம்பு என்றதும் சிரித்தார்கள், அல்லது தொலைபேசியை வைத்தார்கள். பள்ளிக்கூட நூலகத்தில் கொம்பியூட்டரில் தேடி, கைவிடப்பட்ட ஊர்வனவற்றை எடுத்து வளர்த்து நல்ல இடம் பார்த்துக் கொடுக்கும் தொண்டர்கள் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து வந்து சொன்னேன். அப்பா நம்பவில்லை. இந்த நாட்டில் அலுவலகம் என்ற பெயர் கொண்ட எதிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. "வாங்குவினம். நாங்கள் இஞ்சாலை திரும்ப ஊசியைப் போட்டுக் கொன்று போடுவினம்" என்றார். அவரிடம் வேறொரு வழி இருந்தது: "அவிட்டு விடுவம்."

அதை விளங்கிக்கொள்ள அவர் வந்த வழி தெரிய வேண்டும். போர்க்காலத்தில் ஷெல்லடிக்குள் ஊரே எழும்பி ஓடியபோது, அப்பாவின் வீட்டில் ஒரு பசுவும் கன்றும் ஒரு நாயும் நின்றன. அப்பா திரும்பி ஓடிப்போய் மூன்றையும் அவிழ்த்து விட்டுவிட்டுத்தான் வந்தார். கட்டியபடி விட்டுவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய தொழுவங்களில் என்ன நடந்திருக்கும் என்பதை அவர்கள் சாகும்வரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு அந்தப் பாரம் இல்லை. ஒரு உயிரை வைத்திருக்க முடியாமல் போனால் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் அவிழ்த்து விடுவதுதான் என்று அவர் மனதார நம்பினார். "அது தன்ர பாட்டைப் பாக்கும். ஆரிட்டையும் பிடிச்சுக் குடுக்கிறதுதான் துரோகம்." பூச்சியார் காட்டில் பிறந்ததல்ல, கடையில் பிறந்தது, வேட்டை தெரியாது, இந்தக் குளிரில் ஒரு இரவு தாங்காது, இங்கே அப்படி விடுவது சட்டத்துக்கும் விரோதம் என்று நான் அழுதழுது சொன்னேன். "நீ சின்னப்பிள்ளை" என்றார். அம்மா கதவோரக் கதிரையிலிருந்து, "ஆரின்ரயாவது கையிலை குடுங்கோ" என்று மட்டும் சொன்னார். மருந்தின் களைப்பில் அவருக்கு அதற்கு மேல் வாதாட முடியவில்லை.

ஐப்பசி ஞாயிறு ஒன்றில், பூசைக்குப் போய் வந்த உடுப்போடேயே, அப்பா தோட்ட வேலைக் கையுறையைப் போட்டுக்கொண்டு பூச்சியாரைத் தூக்கித் தலையணை உறைக்குள் விட்டு முடிந்தார். நானும் காரில் ஏறிக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மோர்னிங்சைட் பூங்காவுக்குப் பின்னால் ஓடை போகும் பள்ளத்தில் இலையெல்லாம் கொட்டி, மண் ஈரமாகக் கிடந்தது. மூச்சு புகையாக வந்தது. அப்பா ஒரு மரத்தடியில் குந்தி உறையின் முடிச்சை அவிழ்த்தார். பூச்சியார் தலையை நீட்டியது, நாக்கை இரண்டு தரம் வெளியே விட்டது, மறுபடி உள்ளே போய்விட்டது. அப்பா உறையைக் கவிழ்த்தார். அது இலைகளின் மேல் விழுந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு மெல்ல ஊர்ந்தது, காட்டுப் பக்கம் அல்ல, அப்பாவின் பக்கம். கையுறைக்கு மேலாக ஏறி, சட்டைக் கைக்குள் தலையை நுழைத்து, அவருடைய வெறும் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.

அப்பா அசையவில்லை. அவருடைய நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை துளிர்த்திருந்தது. மற்றக் கையால் அதைக் கழற்றப் பார்த்தார். ஒரு சுற்றைக் கழற்ற அடுத்த சுற்று இறுகியது. இரண்டாம் தரமும் பார்த்தார். அதன் பிறகு ஜக்கெற்றின் சிப்பை இழுத்து, கையோடு சேர்த்து அதை உள்ளே வைத்துக்கொண்டு எழும்பினார். "இது போகாது பிள்ளை" என்றார். "போகத் தெரியாது இதுக்கு." காரில் ஹீற்றரை உச்சத்தில் போட்டுவிட்டு வெகுநேரம் புறப்படாமல் இருந்தோம். அவர் அழுததை நான் அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அவிழ்த்துவிட்ட நாயையும் கன்றையும் அவர் அப்போது நினைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அவை தங்கள் பாட்டைப் பார்த்திருக்கும் என்று அத்தனை வருடம் நம்பியிருந்தவருக்கு, அந்த நம்பிக்கை அந்தப் பள்ளத்தில்தான் போயிற்று.

அடுத்த வாரம் நான் சொன்ன இடத்துக்குப் போனோம். அது அலுவலகம் அல்ல, ஒரு வீட்டின் கராஜ். சுவர் முழுக்கத் தொட்டிகள், வெதுவெதுப்பு. நரைத்த முடியைப் பின்னிவிட்ட வெள்ளைக்கார அம்மையார் ஒருவர் பூச்சியாரைக் கையில் வாங்கி, நீளம் பார்த்து, வாயைத் திறந்து பார்த்து, பிறகு அப்பாவிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். என்ன சாப்பிடும், எந்த நாளில், கடைசியாக எப்போது சட்டை கழற்றியது, எதற்குப் பயப்படும், யாரிடம் பழக்கம். நான் மொழிபெயர்க்க, அப்பா சொல்லிக்கொண்டே போனார். சனிக்கிழமை சாப்பாடு. வாசற்கதவை அடித்துச் சாத்தினால் போய் ஒளிக்கும். தண்ணீர் கிண்ணத்தைச் சூடான பக்கத்தில் வைத்தால் குடிக்காது. "மனிசியின்ர கையிலதான் நிப்பார். அவவுக்குச் சுகமில்லை, அதாலதான். வேண்டாமெண்டு குடுக்கேல்லை எண்டு சொல்லு." எட்ட நின்றவர் இவ்வளவையும் எப்போது பார்த்தார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டு அந்த அம்மையார் தலையாட்டி, நல்ல இடம் பார்த்த பிறகே கொடுப்பதாகவும், கொடுத்ததும் அறிவிப்பதாகவும் சொன்னார். திரும்பி வரும்போது அப்பா கெனடி றோட் சிக்னலில் நின்றபடி சொன்னார்: "நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கேக்கை எவ்வளவோ கேட்டவங்கள். எதுக்குப் பயமெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

தை மாதத்துக்குள் மருந்து பலிக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. வலியைத் தணித்து வைத்திருக்கும் இடம் ஒன்று இருக்கிறது, கடைசி நாட்களுக்கு அங்கே சேர்ப்பது நல்லது என்றார்கள். அப்பா மாட்டேன் என்றார். வீட்டில் வைத்துப் பார்ப்பேன், ஆட்கள் என்ன கதைப்பார்கள், பெண்டாட்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டான் என்று சொல்ல மாட்டார்களா என்றார். இரவிரவாக அம்மா வலியில் முனகுவதை நாங்கள் இருவருமே கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு காலை அவருக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த அப்பாவின் கையை அம்மா பிடித்து நிறுத்தினார். "பூச்சியாரைப் பாத்துத்தானே குடுத்தனீங்கள்? என்னையும் அப்பிடிப் பாத்துக் குடுங்கோ."

அப்பா கோப்பையை வைத்துவிட்டு வெளியே போய், ஏற்கெனவே வழித்திருந்த பாதையில் மறுபடி பனி வழித்தார். அந்த வார முடிவில் அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நல்ல இடம்தான். வெதுவெதுப்பான அறை, ஜன்னல், பக்கத்தில் நாங்கள் படுக்கக் கட்டில். தவக்காலம் முடிய முன்னமே அவர் போய்விட்டார். எவ்வளவு நல்ல இடத்தில் கொடுத்தாலும், கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும் மனிதர்களுக்கு அது ஒரு ஆறுதலும் இல்லை.

அந்த வசந்தத்தில் பூச்சியாருக்கு இடம் கிடைத்துவிட்டதென்று அறிவித்தார்கள்; யாரிடம் என்று சொல்வது வழக்கமில்லை. கராஜ் இருந்த தெருவில் இப்போது வரிசை வீடுகள். மோர்னிங்சைட் வீட்டையும் விற்றாயிற்று. புது ஆட்கள் ஹோல் சுவரை இடித்துவிட்டார்கள் என்று கேள்வி. சனிக்கிழமையில் எலி இளகும் மணம் எங்கும் இல்லை. பொழுதுபட்ட பின் பூச்சி என்று சொல்லும் ஆளும் இல்லை. அப்பா என்னோடும் என் குடும்பத்தோடும் ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் இருக்கிறார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. சில நாட்களில் அடுப்பை நிற்பாட்ட மறந்துவிடுகிறார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் கதைப்பதில்லை.

போன கிழமை இரவுச் சாப்பாட்டில் என் ஆறு வயது மகள் தனக்கு ஒரு ஹம்ஸ்ரர் எலி வேண்டும் என்று அடம்பிடித்தாள். வகுப்பில் எல்லாரிடமும் இருக்கிறதாம். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்க, அப்பா முந்திக்கொண்டார். "வாங்கலாம். ஆனால் உன்னால ஏலாமல் போகேக்கை அதை ஆரிட்டைக் குடுப்பாய் எண்டு முதலே யோசிச்சு வைச்சிட்டு வாங்கோணும்."

அவளுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. "ஈஸி. உங்களிட்டைத் தருவன், தாத்தா" என்றாள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.