நேரிலா, தபாலிலா?

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் நண்பன் துளசிராம் வீட்டில் இருந்தேன். அவன் தங்கைக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுக்க இருப்பதோ இரண்டே வாரம்.

நேரில் போய், குங்குமம் கொடுத்து அழைக்க வேண்டியவர்கள் யார்? தபாலில் அனுப்பினால் போதும் என்பவர்கள் யார்? இதில் தப்பு நேர்ந்தால் உறவே முறுக்கிக்கொண்டு நிற்கும்!

துளசி பெங்களூரில் சாஃப்ட்வேர் ஆசாமி. அறுநூற்று நாற்பது பெயரையும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான்.

"மாப்ள, பைத்தான்ல நாலே வரி... பாரு!"

அந்தப் புரோகிராம் ஒவ்வொரு பெயராக எடுத்து ஒரே கேள்வி கேட்கும். ஆம் என்றால் ஒரு பட்டியல், இல்லை என்றால் இன்னொன்று. என்டர் தட்டினான். கண் சிமிட்டுவதற்குள் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு பெயர்கூட விடுபடவில்லை. எந்தப் பெயரும் இரண்டு பக்கமும் வரவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

துளசியின் அம்மா எட்டிப் பார்த்தார். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுபவர், எனக்காகத் தமிழில் கேட்டார்.

"பரமக்குடி மாமா பேரு ஏன்டா தபால்ல கெடக்கு?"

"மதுரைன்னா நேர்ல, வெளியூர்னா தபால்னு போட்டேம்மா."

"தாய்மாமனுக்குத் தபாலா? அவரு வராம உன் தங்கச்சி எப்படிடா மணவறையில உக்காருவா?"

துளசி தலையைச் சொறிந்தான். "வேற என்னத்த வச்சும்மா பிரிக்கிறது?"

அம்மா யோசிக்கவே இல்லை. "அப்பா தவறுனப்ப வந்தவங்களுக்கு நேர்ல. வராதவங்களுக்குத் தபால்."

அந்த விவரம் கம்ப்யூட்டரில் ஏது? துளசி ஒவ்வொரு பெயராக வாசித்தான். அம்மா சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டே வந்தான். "வந்தாங்க... வரல... இவரு மழையில நனைஞ்சுக்கிட்டே வந்தாரு..."

மூன்று வருஷத்துக்கு முந்தைய சாவு. அன்றைக்கு அம்மா அழுது சுருண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கிடந்தார் என்று துளசி சொல்லியிருக்கிறான். அம்புட்டுப் பேரையும் எப்போது பார்த்தார்?

பட்டியலில் என் பெயரும் வந்தது. துளசி வாசிக்கத் தயங்கினான்.

அன்றைக்கு நான் மதுரையில்தான் இருந்தேன். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளி... பிறகு போக முகமில்லாமல் போய்விட்டது.

"தம்பி வரல," என்றார் அம்மா. குரலில் கோபமே இல்லை. "காபி ஆறுது, குடிங்க தம்பி."

துளசி வரியை மாற்றி மறுபடி என்டர் தட்டினான். மாமா அந்தப் பக்கம் போனார். நான் இந்தப் பக்கம் வந்தேன்.

நேற்றுத் தபாலில் பத்திரிகை வந்தது. முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு. நான் நாலரைக்கே மண்டபத்தில் இருப்பேன்!