கட்டாருக்குப் போகாத அண்ணன்

என் அண்ணன் கட்டாரில் வேலை செய்வதாக எங்கள் தெருவில் எட்டு மாதம் சொல்லப்பட்டது. உண்மையில் அவன் இருந்தது வெளி மாவட்டத்தில், போதைப் பழக்கத்திலிருந்து மீள வருபவர்களைத் தங்கவைக்கும் ஒரு நிலையத்தில்.

பொய்யைத் தொடங்கியவர் அம்மா. கடையில் பாண் வாங்கும்போது யாரோ "மகனக் காணல்லியே" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் வாயில் வந்தது கட்டார். கல்லடியில் எங்கள் பக்கம் வீட்டுக்கொருவர் கட்டாரிலோ சவூதியிலோ இருந்தவர், அல்லது இப்போது இருப்பவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத அம்மா, ஊரில் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

அம்மாவும் அப்பாவும் அண்ணனைப் பார்க்கப் போக ஓட்டமாவடியில் பஸ் மாற வேண்டும். எங்கே போய் வருகிறீர்கள் என்று யாரும் கேட்டால் சொல்வதற்காக, ஒவ்வொரு தடவையும் அங்கே இறங்கி ஏதாவது துணி வாங்கி வருவார்கள். எட்டாம் மாதம் அலுமாரியின் ஒரு தட்டு முழுக்கச் சாரமும் படுக்கைவிரிப்பும்தான்.

நான் ஓர் உள்ளூராட்சி அலுவலகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வடிகான், வீதி, கட்டட அளவு. எதையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடும். அண்ணன் ஐஸ் என்ற போதைப்பொருளைப் பழகிய வருடத்தில் வீட்டிலிருந்து காணாமல் போனவற்றையும் எழுதத் தொடங்கினேன். எரிவாயு சிலிண்டர். தண்ணீர் மோட்டார். அப்பா மேசன் வேலைக்குக் கொண்டுபோகும் கிரைண்டர். என் சைக்கிள். அதற்குக் கீழே, அம்மா கோயிலுக்குப் போவது, அப்பா சந்தியில் நின்று பேப்பர் பார்ப்பது என்று என் கையே எழுதியிருந்தது. அதோடு அந்தக் கொப்பியை மூடிவிட்டேன்.

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போவான். அதற்கு முன் தங்கைக்கு வீடு கட்ட உழைப்பான். இந்த வீட்டையும் அப்பாவும் அண்ணனும் சேர்ந்துதான் கட்டினார்கள். கூரை மரம் ஏற்றிய நாளில் அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. பிறகு ஐஸ் வந்ததும், வீட்டையும் எங்காவது ஈடு வைத்துவிடுவானோ என்று அப்பா பயந்தார். எனக்குச் சம்பந்தம் எதுவும் பேசப்படாத நேரத்திலேயே வீட்டு உறுதிப் பத்திரத்தை என் பெயருக்கு எழுதினார்.

அதனால் நிலையத்திலிருந்து அவனை அனுப்பப்போவதாகத் தகவல் வந்தபோது, அம்மாவும் அப்பாவும் என் முன்னால் வந்து நின்றார்கள்.

"உன்ட வீடு மகள். அவன் வரலாமா எண்டு நீதான் சொல்லணும்," என்றார் அப்பா.

தான் கட்டிய வீட்டுக்குள் தன் மகனை விடலாமா என்று ஒருவர் தன் மகளிடம் கேட்பதை எந்தப் பிள்ளையும் கேட்கக் கூடாது. வரட்டும் என்றேன். ஆனால் என் குணம் போகுமா? பதினொரு நிபந்தனைகள் எழுதி, அவன் வந்த அன்றே கையில் கொடுத்தேன். அண்ணன் இரண்டு தடவை நிதானமாக வாசித்தான்.

"தங்கச்சி, ஏழாவதும் ஒன்பதாவதும் ஒண்டுதான். ஒண்ட வெட்டு."

வெட்டினேன். அன்றுதான் அந்த வீட்டில் பல மாதங்களுக்குப் பிறகு எல்லாரும் சிரித்தோம்.

அவன் வந்து மூன்று கிழமைக்குள் தரகர் ஒருவர் எனக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை வந்து வாழப்போகும் வீடு என்பதால், எங்களிடம் பெண் பார்ப்பதை விட வீடு பார்ப்பது கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும். அண்ணன் திரும்பி வந்ததை நாங்கள் யாரிடமும் சொல்லாததால், அவன் கட்டாரில் இருப்பதாகவே தரகர் சொல்லி வைத்திருந்தார். உண்மை தெரிந்தால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஆனால் நிலையத்தில் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியது, அவனைத் தனியாக விடாதீர்கள், வேண்டாதவன் என்று அவனுக்குத் தோன்ற விடாதீர்கள் என்பதைத்தான்.

அண்ணன் யாரும் சொல்லாமலே பையைக் கட்டிவிட்டான். "கதிரவெளிக்குப் போறன். மாமா வீட்டில ரெண்டு நாள் நிண்டுட்டு வாறன்."

"எங்கயும் போகத் தேவல்ல," என்றார் அம்மா. "பின்னறையில இரி. கதவச் சாத்திக்கொண்டு சும்மா இரி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியம்மா, தாய்மாமன். தாய்மாமன் சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், பிறகு கதிரையில் வசதியாக உட்கார்ந்தார்.

"மகன் கட்டார்ல எங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

"டோஹாப் பக்கம்."

"டோஹாவில எங்க? நான் பதினொரு வருசம் நிண்ட ஊர்."

அப்பா யோசித்தார். "கடலுக்குக் கிட்ட."

"டோஹாவே கடலுக்குக் கிட்டத்தானே, அண்ணன்." அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். "கம்பனி என்ன?"

"பில்டிங் கம்பனி."

"நம்பரச் சொல்லுங்க. இப்பவே வட்ஸ்அப்பில எடுப்பம். தங்கச்சிர விசயம், அவனும் இருந்து கேட்கட்டுமே."

அவர் தொலைபேசியை எடுத்துவிட்டார். நம்பரைச் சொன்னால் மணி பின்னறையில்தான் அடிக்கும். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பிஸ்கற் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா தேநீர்த் தட்டை மேசையில் வைத்தார்.

"எடுக்க வேணாம், தம்பி. மகன் வீட்டிலதான் இரிக்கான்."

"லீவில வந்தவரா?"

"இல்ல. அவன் கட்டாருக்குப் போகவேயில்ல. ஐஸ் பாவிச்சவன். எட்டு மாசம் ஒரு இடத்தில வச்சுத் திருத்தி அனுப்பியிரிக்காங்க. நான்தான் ஊருக்கெல்லாம் பொய் சொன்னன். இனிச் சொல்ல ஏலாது. எனக்கு டோஹா தெரியாது."

தாய்மாமன் தொலைபேசியை மடியில் வைத்தார். அம்மா திரும்பி, உள்ளே கேட்கும்படி, "மகன், வெளிய வா. தேத்தண்ணி ஆறுது," என்றார்.

கதவு திறக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அண்ணன் வந்து சுவரோரம் நின்றான். மாப்பிள்ளையின் அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்ப சாப்பிட ஏலுதா மகன்?" என்று கேட்டார்.

"ஓம் அன்ரி. இப்ப நல்லாச் சாப்பிடுறன்."

"அதுதான் வேணும்."

தேநீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனார்கள். நான்காம் நாள் தரகர் தொலைபேசியில் பொருத்தம் சரியில்லையாம் என்றார். எல்லாப் பொருத்தமும் சரி என்று முன்பு சொன்னவரும் அவரேதான். எனக்குக் கவலை இருந்தது. இல்லை என்று எழுதினால் அதுவும் ஒரு கட்டார் ஆகிவிடும். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா கேட்ட அந்த ஒரு கேள்விக்காக, அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

"என்னாலதானே," என்றான் அண்ணன்.

"ஓம். கொஞ்சம் உன்னாலதான். போய் முகத்தக் கழுவு."

அவன் உண்மையாகவே போய்க் கழுவினான்.

மற்றவர்கள் சொல்லித் தெரியவருமுன் தானே சொல்லிவிட வேண்டும் என்று, அன்று பின்னேரமே அம்மா வேலியடிக்குப் போனார். பக்கத்து வீட்டு அன்ரி அங்கே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அம்மா முதல் வசனத்தை முடிக்கவில்லை.

"எனக்குத் தெரியுங்கா," என்றார் அவர்.

"எப்பயிருந்து?"

"முதல் மாசத்திலயிருந்து. கட்டார்ல மகன் இரிக்கிற தாய், ஒருநாளாவது அவன் கோல் எடுத்தான் எண்டு சொல்லாம இருப்பாளா?"

"தெரிஞ்சுகொண்டா அந்தத் துணியெல்லாம் நல்லாரிக்கு எண்டு சொன்ன நீ?"

"துணி நல்லாத்தானேகா இரிந்திச்சு."

அம்மா அழுதாரா சிரித்தாரா என்று குசினியில் நின்ற எனக்கு விளங்கவில்லை. அன்ரி அதைக் கவனிக்காதவர் போல உடுப்பை உதறிப் போட்டுக்கொண்டே அடுத்ததைச் சொன்னார். அவருடைய குளியலறைச் சுவர் பூச்சு உதிர்கிறது. சனிக்கிழமை வட்டையில் அறுவடை, வீட்டில் எல்லாரும் வயலுக்குப் போய்விடுவார்கள். அண்ணன் வந்து பூசித் தந்தால் நல்லது.

"ஆக்கள் ஒருத்தரும் இல்லாத நேரம் அவன் எப்பிடி உள்ள வாற?" என்றார் அம்மா.

"மறுகா திறப்பு என்னத்துக்கு இரிக்கு?"

வெள்ளி மாலை அவரே வந்து வீட்டுப் பூட்டின் திறப்பை அண்ணனின் கையில் கொடுத்தார். அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். சனிக்கிழமை காலை அவன் மேசன் கரண்டியும் மணல் சலிக்கும் அரிப்பும் எடுத்துக்கொண்டு போனான். கூடப் போக எழுந்த அப்பாவை அம்மா ஒரு பார்வையில் இருத்திவிட்டார். பகல் முழுவதும் நாங்கள் மூவரும் ஆளுக்கொரு வேலையைப் பிடித்துக்கொண்டு, வேலிப் பக்கம் பார்க்காமல் இருந்தோம். நான் மட்டும் இரண்டு தடவை பார்த்தேன்.

நான்கு மணிக்குப் பிறகு அண்ணன் வந்தான். முழங்கை வரை சீமெந்து. வயலிலிருந்து வந்தவர்களிடம் திறப்பைத் தானே கொடுத்துவிட்டதாகச் சொல்லி, சோறு கேட்டான்.

அதற்குப் பின்னும் எங்களுக்குக் கெட்ட நாட்கள் வந்திருக்கின்றன. எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் எங்கும் எழுதமாட்டேன். பக்கத்து வீட்டு அன்ரிக்கு இன்னும் நேரில் நன்றி சொல்லவுமில்லை. சொன்னால், சுவருக்கு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான் என்பார்.